நாலு தரம் உலகச் சம்பியன், பெயர் கேட்டால் ஆருக்கும் தெரியாது

கேள்வி: 27 மார்ச் 2023, பின்னேரம் 5.20

நேற்று சுவீடன் சான்ட்விக்கனில் சில்வானா திரின்சோனியின் அணி நோர்வேயை 6-3 என்று வென்றது. பெண்கள் கேர்லிங்கில் தொடர்ந்து நாலாவது உலகப் பட்டம். இன்று தொழிற்பள்ளியில் என்னோடு படிக்கிற 18 பேரிடம் பெயரைச் சொல்லிக் கேட்டேன். ஒருத்திக்குத்தான் தெரிந்தது, அதுவும் அவளின் அப்பா கேர்லிங் விளையாடுகிறவர் என்பதால். பனிச்சறுக்கு ஒடர்மாட்டின் முகம் எல்லாருக்கும் தெரிகிறது. சுவிஸில் இருந்துகொண்டே சுவிஸ்காரருக்கு ஏன் இது தெரியவில்லை? கேர்லிங் உண்மையில் ஒரு விளையாட்டுத்தானா, இல்லை வீடு கூட்டுகிற வேலையா?

27 மார்ச் 2023, இரவு 9.40

சலிப்பு. அவ்வளவுதான் தம்பி விசயம். ஒடர்மாட் ஒன்றரை நிமிடத்தில் மலையால் விழுந்தடித்து வந்து முடித்துவிடுவார். கேர்லிங்கில் ஒரு ஆட்டம் முடிய ரெண்டரை மணித்தியாலம் பிடிக்கும். ஒரு கல் ஐஸில் ஊர்ந்து போகும், ரெண்டு பேர் அதுக்கு முன்னால் துடைப்பத்தோடு ஓடுவார்கள், பிறகு எல்லாரும் நின்று கதைப்பார்கள். நான் இந்த நாட்டுக்கு வந்து 30 வருசத்துக்கு மேல். ஒலிம்பிக் வந்தால் மட்டும்தான் சனம் கேர்லிங் பார்க்கும். அந்த ஒலிம்பிக்கில் திரின்சோனிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பெய்ஜிங்கில் யப்பானிடம் தோற்று நாலாம் இடம். அணித்தலைவிதான் கடைசிக் கல் விடுகிறவர், கடைசிக் கல்லில் தோற்றால் ஆர் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

கூட்டுகிற வேலையைப் பற்றிப் பகிடி விடாதே. நான் 11 வருசம் அதுதான் செய்தேன்.

27 மார்ச் 2023, இரவு 10.05

மகள் தோளுக்கு மேலால் வாசித்துவிட்டு, "அப்பா, பிழை" என்கிறாள். 2022 பெய்ஜிங்: முதல் சுற்றில் 9 ஆட்டத்தில் 8 வெற்றி, முதலிடம். அரையிறுதியில் யப்பானிடம் 8-6 தோல்வி. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் சுவீடனிடம் 9-7 தோல்வி. அப்படித்தான் நாலாம் இடம். நான் ரெண்டு தோல்வியையும் ஒன்றாக்கிவிட்டேன்.

27 மார்ச் 2023, இரவு 11.50

இன்னொரு பிழை, இது பெரிசு. நேற்றைய இறுதி ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். கடைசிக் கல் விடுகிறது திரின்சோனி இல்லை, அலினா பெட்ஸ்.

கேர்லிங் தெரியாதவர்களுக்குக் கரம்போர்டை வைத்துச் சொல்கிறேன். போர்டு 45 மீற்றர் நீளம், காய் கருங்கல். ஒரு அணியில் 4 பேர், ஆளுக்கு 2 கல், ஒரு சுற்றுக்கு 8. அந்தத் தலைப்பில் வட்டமாக ஒரு "வீடு" கீறியிருக்கும். எல்லாக் கல்லும் போய் முடிந்த பிறகு, ஆரின் கல் நடுவுக்குக் கிட்ட இருக்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. அப்படி 10 சுற்று. இதில் முன்னால் ஒரு கல்லைக் காவலுக்கு நிறுத்தலாம், எதிரியின் காயை அடித்து வெளியேற்றலாம். எல்லாவற்றுக்கும் கடைசியாகப் போகிற கல்லுக்குத்தான் மவுசு. அதுக்குப் பிறகு எதிரிக்குப் பதில் சொல்ல வழியில்லை.

வழக்கமாக அந்தக் கல்லை அணித்தலைவர் விடுவார். திரின்சோனி அதை பெட்ஸிடம் கொடுத்துவிட்டு மூன்றாவதாக விடுகிறார். பெட்ஸ் கல் விடும்போது தலைவி அந்தத் தலைப்பில், வீட்டுக்குள், துடைப்பத்தை நட்டுக்கொண்டு நிற்கிறார். எந்தப் பாதை, எவ்வளவு வேகம், எந்தக் கல்லை அடிக்கிறது, எதை விடுகிறது, எல்லாம் அவர் முடிவு. கமரா மட்டும் பெட்ஸின் முகத்தில்.

அப்போ தம்பியின் கேள்வியே வேறு மாதிரி வருகிறது. ஆரைத் தெரியவில்லை என்று கேட்கிறோம்? கல்லை விட்டவரையா, கல்லைச் சொன்னவரையா?

28 மார்ச் 2023, காலை 6.10

பஸ்ஸில் இருந்து. டொச்சில் நான் முதல் படித்த வினைச்சொற்களில் ஒன்று "விஷென்". துடை என்று அர்த்தம். வேலைக்குப் போன முதல் நாள் மேற்பார்வையாளர் வாளியையும் தடியையும் கையில் தந்துவிட்டு அதைத்தான் சொன்னார். சுவிஸ்காரர் வாயில் அது "வூஷே". நேற்று ஆட்டத்தில் சத்தத்தைக் கூட்டிக் கேட்டால் அணித்தலைவி தொண்டை கிழியக் கத்துகிறது அதே சொல். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, மனிசி எழும்பி வந்து என்ன என்று கேட்டாள்.

28 மார்ச் 2023, இரவு 8.15

தம்பி கேட்டிருந்தார்: கடைசிக் கல்லை இன்னொருவருக்குக் கொடுக்கிற தலைவி கெட்டித்தனம் குறைந்தவர் என்று எடுக்கலாமோ?

இல்லை. இது சுவிஸில் ஒரு பழக்கம் மாதிரி. 2018 பியொங்சாங்கில் வெண்கலம் எடுத்த ஆண்கள் அணிக்குப் பீட்டர் டி குரூஸ் தலைவர், கடைசிக் கல் பெனுவா ஷ்வார்ஸ். இப்போது யானிக் ஷ்வல்லரின் அணியிலும் தலைவர் ஷ்வல்லர், கடைசிக் கல் அதே ஷ்வார்ஸ். வாசிக்கிறது ஒரு மூளை, விடுகிறது இன்னொரு கை. கல்யாண வீட்டில் சமையலுக்கு அளவு சொல்லுகிற பெரியம்மாவே கரண்டி பிடிக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

நேரமும் இருக்கிறது. ஒரு அணிக்கு முழு ஆட்டத்துக்கும் சேர்த்து யோசிக்கிற நேரம் 38 நிமிடம். சதுரங்கம் மாதிரி மணிக்கூடு ஓடும். இவர்கள் நின்று கதைக்கிறார்கள் என்று நேற்று முதல் பதிவில் நக்கலாக எழுதினேனே, அந்தக் கதைக்கும் கணக்கு இருக்கிறது.

2 ஏப்ரல் 2023, ஞாயிறு, காலை

விடுமுறை. மழை. உட்கார்ந்து வருசங்களை அடுக்கிப் பார்த்தேன், வாய் அடைத்துப் போனது.

திரின்சோனி 1979இல் பிறந்தவர், சூரிச். 1999இல் கனிட்ட உலகச் சம்பியன். அப்போது வயது 19. வளர்ந்தோருக்கான உலகப் பட்டத்தை முதல் தரம் வென்றது 2019இல், டென்மார்க் சில்கபோர்க்கில், சுவீடனின் ஹாசெல்போரியை 8-7 என்று. வயது 39. நடுவில் 20 வருசம்.

அந்த 20 வருசத்தில் சுவிஸ் பெண்கள் சும்மா இருக்கவில்லை. அதுதான் கொடுமை. மிர்யாம் ஒட் 2012இல் உலகப் பட்டம் வென்றார். பினியா பெல்ட்ஷர் 2014இல் வென்றார், 2016இல் திரும்பவும் வென்றார். இடையில் 2015இல் சப்போரோவில், கனடாவின் ஜெனிபர் ஜோன்ஸை 5-3 என்று வீழ்த்திப் பட்டம் எடுத்தது 25 வயது அலினா பெட்ஸ். உள்நாட்டிலேயே இவ்வளவு பேரைத் தாண்டினால்தான் சுவிஸ் சட்டையைப் போடலாம். 2018இல் ஒருவழியாக ஒலிம்பிக் போனார், 9 ஆட்டத்தில் 4தான் வெற்றி, திரும்பி வந்தார்.

39 வயதில் ஒரு மனிசி, வங்கியில் திட்ட முகாமையாளர் வேலை, ஒலிம்பிக்கில் பெயில். எங்கட ஆக்களாக இருந்தால் "போதும் பிள்ளை, இனி உன்ர குடும்பத்தைப் பார்" என்று சொல்லியிருப்போம். நானே சொல்லியிருப்பேன். 2009இல் என் மகள் நீச்சலை விடப்போகிறேன் என்றபோது நான் சொன்னது கிட்டத்தட்ட அதுதான், எனக்கு அது இப்போதும் உறுத்தும்.

அவர் செய்தது வேறு. 2018க்குப் பிறகு, ஏற்கெனவே தலைவியாக உலகப் பட்டம் வென்றிருந்த பெட்ஸைத் தன் அணிக்கு எடுத்தார். ஒரே உறையில் ரெண்டு வாள் என்று ஊரில் சொல்வோம், நிற்காது என்று. நின்றது. எப்படி நின்றது? மூத்தவர் வழி சொல்கிறது, இளையவர் கடைசிக் கல் விடுகிறது என்று பிரித்துக்கொண்டார்கள். எஸ்தர் நொயன்ஷ்வாண்டர், மெலனி பார்பெசா ரெண்டு பேரும் கூட. முதல் வருசமே உலகப் பட்டம்.

2 ஏப்ரல் 2023, மத்தியானம்

சாப்பிட்டுவிட்டு வந்தேன். விட்டது ஒன்று. பெய்ஜிங்கில் நாலாம் இடம் வந்தது 2022 பெப்ரவரி. அடுத்த மாதமே கனடா பிரின்ஸ் ஜோர்ஜில் உலகப் போட்டி. அங்கே 14 ஆட்டம், 14 வெற்றி. இறுதியில் கொரியாவை 7-6. பிறகு நொயன்ஷ்வாண்டரும் பார்பெசாவும் நிறுத்திக்கொண்டார்கள். அணி பாதியாகப் போனது. புதிதாக ரெண்டு பேர், கரோல் ஹோவால்ட், ப்ரையர் ஷ்வல்லர்-ஹூர்லிமான். சான்ட்விக்கனில் திரும்பவும் 14க்கு 14. ரெண்டு வருசம், 28 உலகப் போட்டி ஆட்டம், ஒரு தோல்வி இல்லை.

இந்த ப்ரையர் ஆரின் மகள் தெரியுமா? பத்ரிக் ஹூர்லிமானின் மகள். 1998 நகானோவில் கேர்லிங் ஒலிம்பிக்குக்குத் திரும்பி வந்தபோது ஆண்கள் தங்கம் எடுத்த சுவிஸ் அணியின் தலைவர், இறுதியில் கனடாவை 9-3. மருமகன் யானிக் ஷ்வல்லர், நேற்று முந்தாநாள் மேலே சொன்ன அதே ஆள். அவரின் அப்பா கிறிஸ்டோப் ஷ்வல்லர் 2002 ஒலிம்பிக் வெண்கலம். எங்கட ஊர்ச் சம்பந்தங்கள் மாதிரியே இருக்கிறது. ஒரு கல்யாணத்துக்குப் போனால் சுவிஸ் கேர்லிங் முழுக்கப் பந்தியில் இருக்கும்.

3 ஏப்ரல் 2023, இரவு

பெட்ஸுக்கு எத்தனை உலகப் பட்டம்? நேற்று மனதில் 5 என்று கணக்கு வைத்திருந்தேன்: 2015, 19, 21, 22, 23. மகள் 6 என்கிறாள். 2012இல் மிர்யாம் ஒட்டின் அணியில் மேலதிக வீராங்கனையாகப் போயிருந்தார், பதக்கம் அவருக்கும் உண்டு. கலப்பு இரட்டையரில் 2011இல் ஸ்வென் மிஷெலோடு வென்றது இதில் சேராது.

மேலதிக ஆளின் பதக்கத்தை எண்ணலாமா என்று வீட்டில் அரை மணித்தியாலம் சண்டை. நான் கூடாது என்றேன். மனிசி ஒரு வசனம் சொன்னாள்: "அப்ப கோயில் திருவிழாவிலை நீங்கள் தண்ணிப் பந்தலிலை நிண்டதை ஏன் வருசா வருசம் சொல்லுறியள்?" 6.

9 ஏப்ரல் 2023

இன்னொரு காரணம் தோன்றியது, அதிர்ஷ்டம். 2021 உலகப் போட்டி சுவிஸில், ஷாஃப்ஹவுசனில் நடக்க இருந்தது. சொந்த மண், உலகச் சம்பியன்களாக இறங்கியிருப்பார்கள். கொரோனா, ரத்து. கல்கரியில் ஆளில்லாத மண்டபத்தில் வைத்தார்கள், அங்கே ரஷ்யப் பெண்களை 4-2 என்று வென்றார்கள். கைதட்ட ஒரு குருவி இல்லை. அதுக்கு முதல் வருசம், 2020 பிரின்ஸ் ஜோர்ஜ், தொடங்க ரெண்டு நாள் இருக்கும்போது நிறுத்தினார்கள். அதால்தான் 2022இல் அதே ஊருக்குத் திரும்பப் போனது.

ஷாஃப்ஹவுசன் எனக்கு ரயிலில் கிட்ட. நடந்திருந்தால் போயிருப்பேனா? போயிருக்கமாட்டேன். அப்போது எனக்கும் பெயர் தெரியாது. இந்த இழையில் இவ்வளவு அலட்டுகிற நான் அந்த 18 பேரில் ஒருவன்தான்.

10 ஏப்ரல் 2023

"பணக்காரரின் விளையாட்டு, அதால் சாதாரண சனம் பார்க்காது" என்று ஒருவர் எழுதியிருந்தார். வந்த வழி அதுதான். பிரிட்டனில் இருந்து குளிர்காலத்துக்குச் சென். மோரிட்ஸ் ஹோட்டல்களுக்கு வந்தவர்கள் 1880களில் கொண்டுவந்த ஆட்டம். ஆனால் பனிச்சறுக்கும் ஹோட்டல்காரரோடுதான் வளர்ந்தது, அதை ஏன் நாடே பார்க்கிறது? இந்தக் காரணம் நிற்காது.

10 ஏப்ரல் 2023, கொஞ்சம் பிறகு

மிர்யாம் ஒட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வாழ்க்கையில் முதன்முதல் கேர்லிங் பார்த்தது 2006 பெப்ரவரியில், வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில், தூரின் ஒலிம்பிக் பெண்கள் இறுதி. சுவீடனுக்கு எதிராக மேலதிகச் சுற்று வரைக்கும் போனது. சுவீடனின் அனெட்டே நோர்பேரி கடைசிக் கல்லால் ஒரே அடியில் ரெண்டு சுவிஸ் கல்லை வெளியேற்றினார். 7-6. எனக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த கிழவர், ஓய்வுக்கு ஒரு வருசம் இருந்தவர், தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அழகு" என்றார், எதிரியின் அடிக்கு.

ஒட்டுக்கு அது ரெண்டாவது வெள்ளி. 2002இல் லூட்சியா எப்னெத்தரின் அணியில் முதலாவது. ஒலிம்பிக்கில் ரெண்டு பதக்கம் எடுத்த முதல் கேர்லிங் பெண் அவர். பிறகு 2010, 2014 ரெண்டிலும் நாலாம் இடம். இந்த நாலாம் இடம் சுவிஸ் பெண்களுக்கு ஒரு சாபம் மாதிரி.

11 நவம்பர் 2023, நள்ளிரவு

இழை செத்துவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். இன்று நான் ஐஸில் ஏறினேன்.

மகளின் வேலையிடத்தில் எல்லாரையும் கேர்லிங் பழக ஒரு பின்னேரம் கூட்டிப் போனார்கள், குடும்பமும் வரலாம். போனேன். முதல் பாடம்: ஐஸ் கண்ணாடி மாதிரி இல்லை. இவ்வளவு நாளும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நாங்கள் சப்பாத்து மாற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு ஆள் முதுகில் தண்ணீர்த் தாங்கியோடு, கையில் பூவாளித் தலை மாதிரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக நடந்து இடமும் வலமும் தெளித்துக்கொண்டு போனார். நெல்லுக்கு மருந்தடிக்கிறவர் மாதிரி. துளிகள் விழுந்த இடத்திலேயே உறைந்து சின்னச் சின்னப் பருக்களாக நிற்கும். குனிந்து தடவிப் பார்த்தேன், தோடம்பழத் தோல். கல் அந்தப் பருக்களின் தலையில்தான் போகிறது. துடைப்பத்தால் தேய்க்கும்போது அவை சூடாகும், கல் இன்னும் தூரம் போகும், வளைவதும் குறையும்.

ரெண்டாவது: கல். கிட்டத்தட்ட 20 கிலோ. தமிழ்க் கடையில் வாங்குகிற அரிசி மூட்டையின் பாரம், ஆனால் கைப்பிடியோடு. தூக்கப் போனேன். பழக்குகிற பெண் ஓடி வந்து "தூக்கக் கூடாது, தள்ளத்தான்" என்றார். ஒலிம்பிக் கல்லெல்லாம் ஸ்கொட்லாந்துக்குக் கிட்ட ஆள் இல்லாத ஒரு தீவில், எயில்சா கிரெய்க்கில் எடுத்த கருங்கல்லாம். எங்களுக்குத் தந்தது என்ன கல்லோ, ஓரத்தில் பொரிந்திருந்தது.

மூன்றாவது: விழுகிறது. ஒரு காலுக்கு வழுக்குகிற அடி, மற்றக் காலுக்கு ரப்பர். ரப்பர்க் காலை ஒரு மிண்டில் வைத்து உந்தி, வழுக்குகிற காலில் குந்தி, கல்லோடு சேர்ந்து நீயும் வழுக்கிக்கொண்டு போய், கைப்பிடியை மெல்லமாய்த் திருப்பி விடவேண்டும். எந்தப் பக்கம் சுழலுகிறதோ அந்தப் பக்கம் வளையும். நான் கைப்பிடியை விட மறந்துபோனேன். கல் போக, நானும் போனேன். மகளின் முகாமையாளர் கைதட்டினார்.

அரை மணித்தியாலத்துக்குப் பிறகு ஒரு கல், ஒரே ஒரு கல், சரியாகப் போனது. கையை விட்டபோதே தெரிந்தது. மகள் அந்தத் தலைப்பில் துடைப்பத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள், கல் அவளிடம் போகப் போக மெதுவாகிறது, கடைசி ரெண்டு மீற்றரில் இடப்பக்கம் சரிகிறது, வீட்டுக்குள் போய் நிற்கிறது. 20 விநாடிக்கு மேல் எடுத்திருக்கும். நான் மூச்சு விடவில்லை. முதல் பதிவில் "சலிப்பு" என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

பிறகு இடம் மாற்றினார்கள். நான் வீட்டில் நின்று சொல்லவேண்டும், மகள் விடுவாள். துடைப்பத்தை எங்கே வைக்கிறது? நடுவில் வைத்தால் வளைந்து வெளியே போகும், ஆக வெளியே வைத்தால் வளையாது. அவள் கை எவ்வளவு திருப்பும், இந்த இடத்து ஐஸ் எவ்வளவு வளைக்கும், ரெண்டையும் நான் முதலே எண்ணவேண்டும். பிழை வந்தால் விட்டவளின் பிழையா என்னுடைய பிழையா என்று பார்க்கிற ஒருவருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது. ஆறு கல்லில் நாலு என்னுடைய பிழை. மகள் ஒவ்வொன்றுக்கும் "சொறி அப்பா" என்றாள்.

12 நவம்பர் 2023

தொடை. படி இறங்க முடியவில்லை. வேலைக்குச் சுகவீன விடுமுறை கேட்டேன், காரணம் கேர்லிங் என்று சொன்னபோது போனில் இருந்தவருக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை.

25 மார்ச் 2024, காலை

இரவு முழித்திருந்து பார்த்தேன். கனடா நோவா ஸ்கோஷியாவில் இருக்கிற சிட்னியில் இறுதி, ரேச்சல் ஹோமனிடம் 7-5 தோல்வி. தொடர்ந்து 4 சுவிஸ் தங்கத்துக்குப் பிறகு வேறு நாட்டுக்குத் தங்கம். ப்ரையரின் இடத்தில் இந்த வருசம் செலினா விட்ஷொன்கே.

தோற்ற ஆட்டத்தில் ஒன்று கவனித்தேன். மண்டபம் முழுக்கக் கனடாக்காரர், அவர்களின் பெண்கள் வெல்லவேண்டும் என்று வந்தவர்கள். ஆனால் திரின்சோனியின் அணி நல்ல கல் விட்டாலும் தட்டுகிறார்கள். அங்கே இது பெரிய தொலைக்காட்சி விளையாட்டு, விளையாடுகிறவர்களின் உடம்பில் மைக் மாட்டி, கதைக்கிறதெல்லாம் வீட்டுக்குக் கேட்கும். சுவிஸ் அணி கதைக்கிறது சுவிஸ் டொச். அறிவிப்பாளருக்கு விளங்காது, சும்மா இருக்கிறார். ஊரெழுவில் பிறந்த எனக்கு விளங்குகிறது! "கொஞ்சம் கூட", "இல்லை, விடு", "வருகுது, வருகுது". சமையலறையில் தேத்தண்ணியோடு இருந்து மனிசிக்கு மொழிபெயர்த்தேன். அவள் நித்திரை.

சொந்த ஊரில் தெரியாது, கடலுக்கு அந்தப் பக்கம் தெரியும். இதை எழுதும்போது நக்கலாக ஒன்று சேர்க்க நினைத்தேன், வேண்டாம்.

30 மார்ச் 2024

இதை எழுத வெட்கம்தான். இன்று சூப்பர்மார்க்கட்டில் காசு கட்டுகிற வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண், தலைமயிர், உயரம், நிற்கிற விதம், எல்லாம் அப்படியே. தயிர் ரெண்டு, ஒரு பாண். நெஞ்சு அடித்தது. ஒரு வருசமாக இவரைப் பற்றி எழுதுகிறேன், ஒரு வார்த்தை சொல்லாமல் விடலாமா? "வாழ்த்துகள், சில்வர் என்றாலும் பெரிய விசயம்" என்றேன். அந்த மனிசி திரும்பிப் பார்த்தார். திரின்சோனி இல்லை, கிட்டத்தட்டவும் இல்லை. "எதுக்கு?" என்றார். கேர்லிங் என்றேன். "ஓ, சுவிஸ் விளையாடியதா?" என்றார்.

தம்பி, உன் 18 பேரோடு இவரையும் சேர்த்துக்கொள். என்னையும்தான். பெயர் தெரியும், முகம் தெரியாது.

31 மார்ச் 2024

ஒருவர் கேட்கிறார்: முகம் தெரியாமல் இருக்கிறது அவருக்கு ஒரு நட்டமா? தயிர் வாங்க நிம்மதியாகப் போகலாமே. அது சரி. ஆனால் அதை நாங்கள் சொல்லக் கூடாது, அவர் சொல்லவேண்டும்.

24 மார்ச் 2025, பின்னேரம்

நேற்றுக் காலை, கொரியா உய்ஜொங்பூ. திரும்பவும் இறுதி, திரும்பவும் ஹோமன், 7-3. சிட்னி கைக்கெட்டின தூரம். இது அப்படி இல்லை, ஹோமனின் பெண்கள் வடிவாக விளையாடினார்கள். திரின்சோனிக்கு ஜூனில் 46. இதோடு உலகப் போட்டியில் தொடர்ந்து 6 தரம் இறுதி, 4 தங்கம், 2 வெள்ளி.

முடிவில் கையை நீட்டிவிட்டார்கள். கேர்லிங்கில் இனி எட்ட முடியாது என்றால் கைகொடுத்து முடிக்கிறதுதான் மரியாதை, இழுத்தடிக்கிறது இல்லை. தன் துடைப்பம் கல்லில் முட்டினாலும் தானே சொல்லவேண்டும், நடுவர் கண்டுபிடிக்கும் வரைக்கும் பார்த்திருக்கக் கூடாது. இந்தச் சட்டத்தைக் கரம் விளையாடும் காலத்தில் எங்கட வாசிகசாலையில் வைத்திருந்தால் ஆட்டமே நடந்திருக்காது.

இன்று வேலையில் கதைத்தேன். 7 பேரில் 3 பேருக்குப் பெயர் தெரிந்திருந்தது. அதில் ரெண்டு பேருக்கு நான் சொல்லித்தான் தெரியும்.

24 மார்ச் 2025, இரவு 9.00

தம்பி தொழிற்பள்ளி முடித்துவிட்டார், பேர்ணில் வேலையும் கிடைத்துவிட்டது, தனிமடலில் சொன்னார். இப்போது ஐஸில் ஏறிப் பார்க்க ஆசையாம். மகளின் கூட்டாளிகள் ஒரு வெள்ளிக்கிழமை பாதை எடுத்திருக்கிறார்கள், ஒரு ஆள் குறைகிறது. பின்னேரம் 6.30க்கு ஸ்ரேசனில் நில், நான் காரில் வருவேன். இறுக்கமான ஜீன்ஸ் போடாதே, குந்த ஏலாது. கையுறை கொண்டு வா. சப்பாத்து அங்கே தருவார்கள்.

கடைசிக் கல் ஆர் விடுகிறது என்று இப்பவே சண்டை பிடிக்காதே. மகள் விடுவாள்.